அறுநூற்றுப் பன்னிரண்டு சொற்கள்

மிஸ்டர் கிரஹாம் பெட்டிஃபர் இங்கிலாந்தில் பிறந்து, இங்கிலாந்தில் படித்து, இங்கிலாந்திலேயே வழுக்கை விழுந்தவர். ஆங்கிலம் தவிர வேறு மொழி அவருக்குத் தெரியாது. அந்த ஒரு மொழியிலும் அவர் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்பது, புரிமானி வந்த முதல் நாள் பகல் ஒன்றரை மணிக்கு ஆறு நாடுகளுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துபோனது.

அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் அந்தக் கம்பெனிக்குத் தூத்துக்குடி, ஜப்பான், சிலி, ஓமன், போர்ச்சுகல், கென்யா என்று ஆறு இடங்களில் ஆலை. தினமும் ஒன்றரை மணிக்கு ஆறு ஆலைக்காரர்களும் திரையில் வந்து உட்காருவார்கள். இங்கிலாந்தில் தலைமை அலுவலகத்திலிருந்து கிரஹாம் முக்கால் மணி நேரம் பேசுவார். "எல்லாம் தெளிவுதானே?" என்று முடிப்பார். ஆறு தலைகளும் ஆடும். அப்புறம் ஒவ்வொரு ஆலையும் தனக்குத் தோன்றியதைச் செய்யும்.

ஒருமுறை அவர், ஒரேயடியாக எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பதைத் தன் ஊர் வழக்கப்படி, "லெட்ஸ் நாட் பாயில் தி ஓஷன்" என்று சொல்லிவிட்டார். கடலைக் கொதிக்க வைக்க வேண்டாமாம். சிலி ஆலையின் ஒசுவால்தோ மறுநாளே படகில் போய்க் கடல்நீரின் சூட்டை அளந்தார். பதினாறு டிகிரிதான் இருக்கிறது, கொதிக்க வாய்ப்பில்லை என்று கையெழுத்துப் போட்டு அறிக்கை அனுப்பினார். கிரஹாம் அதற்கு, "பிரில்லியண்ட்!" என்று பதில் போட்டார்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த இடத்தில்தான், பெங்களூரிலிருந்து ஒரு பெண் பெட்டியோடு வந்து இறங்கினாள். உள்ளே புரிமானி: காதில் மாட்டும் சின்னக் கவ்விகளும், எலுமிச்சம்பழ அளவில் ஒரு விளக்கும். இதே மாதிரிப் பெட்டி மற்ற ஐந்து ஆலைகளுக்கும் இங்கிலாந்துக்கும் போயிருந்தது.

"இதைக் காதுல மாட்டிக்கணும் சார்," என்று தூத்துக்குடி மேலாளர் சிவசைலத்திடம் அவள் விளக்கினாள். "கேக்குற பேச்சு அர்த்தமா உள்ள இறங்குச்சுன்னா மூளையில ஒரு துடிப்பு வரும். அதைக் கவ்வி பிடிச்சிடும். பேசுறவர் மேஜையில இருக்குற விளக்குல தெரியும். எல்லாருக்கும் புரிஞ்சா பச்சை. அரைகுறைன்னா மஞ்சள். புரியலைன்னா சிவப்பு. எத்தனை சதவீதம்னு நம்பரும் வரும்."

"இதுக்கு அந்த மொழிபெயர்ப்பு மிஷினே தேவலையே?"

"அதைத்தான் போன வருஷம் வச்சுப் பாத்தீங்களே சார். ஓமன்காரரும் போர்ச்சுகல்காரரும் இன்னும் பேசிக்கிறதில்லையாமே."

"சரி. தலையாட்டினா இது என்ன காட்டும்?"

"தலையை இது பாக்காது சார்."

சிவசைலத்துக்கு ஏசி அறையில் வியர்த்தது. பத்தொன்பது வருடம் அவர் தலையை நம்பியே பிழைத்தவர்.

ஒன்றரை மணிக்கு கிரஹாம் பேசினார். விளக்கு சிவந்தது. பதினொரு சதவீதம். அவர் கம்பளித் தொப்பியைக் கழற்றி, விளக்கைத் தட்டிப் பார்த்து, இன்னும் வேகமாகப் பேசினார். ஒன்பது.

"மிஷின் கோளாறா இருக்கும். வேற யாராச்சும் பேசுங்க," என்றாள் பெங்களூர்ப் பெண். சிவசைலம் தன் பெயர், படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். முப்பத்து நான்கு. ஜப்பான் ஆலையின் யுகிகோ ஹமாதா எழுதி வைத்திருந்ததை வாசித்தார். நாற்பத்தொன்று.

இவ்வளவும் நடக்கும்போது அறையின் மூலையில் சந்தனமாரி துடைப்பக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கட்டுப்பாட்டு அறையைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. வயது இருபத்தாறு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் இருந்தால் வாயைத் திறக்க மாட்டாள். இரண்டு பேர் இருந்தாலும் யோசிப்பாள். ஆனால் அன்று பத்து நிமிடமாக ஒரு விஷயம் சொல்லத் தவித்துக்கொண்டிருந்தாள்.

"சார்..."

"ஏட்டி, சும்ம இரி. மீட்டிங் நடக்கது தெரியல?" என்று சிவசைலம் அதட்டினார்.

பெங்களூர்ப் பெண்ணுக்கு யார் பேசினாலும் சரிதான். ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினாள். "அக்கா, நீங்க சொல்லுங்க. இங்கிலீஷ்ல. எவ்வளவு தெரியுமோ அவ்வளவு."

சந்தனமாரி கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால் நாலு பேர் இல்லை.

"பம்ப் த்ரீ. வாட்டர் கமிங். ஃப்ளோர் ஃபுல் வாட்டர். நோ குட். ஸ்டாப் நவ்."

விளக்கு பச்சையானது. தொண்ணூற்றேழு.

தூத்துக்குடியில் மூன்றாம் பம்ப்பின் வளையம் உண்மையாகவே பிய்ந்து தண்ணீர் முழங்கால்வரை ஏறியிருந்தது. அது நிறுத்தப்பட்டது. அதோடு ஜப்பானில் மூன்றாம் பம்ப் நின்றது. சிலியில், ஓமனில், போர்ச்சுகலில் நின்றது. கென்யாவில் நிறுத்தியதோடு விடாமல் கழற்றியே வைத்துவிட்டார்கள். ஆறு ஊர்களில் ஒரு மணி நேரம் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆனாலும் கம்பெனி வரலாற்றில் ஆறு ஆலைகளும் ஒரே உத்தரவுக்கு ஒரே நேரத்தில் கீழ்ப்படிந்தது அதுதான் முதல் தடவை. தலைமை அலுவலகம் அதைத்தான் பார்த்தது.

நூற்றில் குறைந்த அந்த மூன்று சதவீதம் யார் என்று பிறகு தோண்டிப் பார்த்தார்கள். கிரஹாம்.

இரண்டு வாரத்தில் சந்தனமாரிக்குப் புது நாற்காலியும் புதுப் பதவியும் வந்தன. 'முன்மாதிரிப் பேச்சாளர்.' கிரஹாம் சொல்ல நினைப்பதை எழுதி அனுப்புவார். சிவசைலம் அகராதியோடு உட்கார்ந்து அதைப் பிரித்து அவளுக்குத் தமிழில் சொல்வார். அவள் தன் ஆங்கிலத்தில் ஆறு நாடுகளுக்கும் சொல்வாள். முக்கால் மணி நேரக் கூட்டம் ஆறு நிமிடத்தில் முடிந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வந்து உட்காரும் ஒசுவால்தோ, தன் இரண்டாவது மகளுக்கு மாரி என்று பெயர் வைக்கப் போவதாகச் சொன்னார்.

கண்ணை மூடிக்கொண்டு பேசினவள், இரண்டாம் மாதம் கண்ணைத் திறந்துகொண்டே பேசினாள். அவள் வாயைத் திறந்தால் ஆறு நாடுகள் அசையாமல் கேட்டன. வீட்டில் அண்ணன்கூட அவள் பேசி முடிக்கும்வரை கேட்டதில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்று சிவசைலம் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வாசித்தார்.

"மாரி, நல்லா கேட்டுக்கோ. நீ பேசுனதை அஞ்சு நாளு கம்ப்யூட்டர் எண்ணிருக்கு. உனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் வார்த்தை அறுநூத்திப் பன்னிரண்டு. இனிமே மீட்டிங்ல எல்லாரும் அதுக்குள்ளதான் பேசணும். வெளிய போனா மணி அடிக்கும்."

"பெரிய துரையுமா சார்?"

"அவருந்தான். அவரு இனிமே பேசவே போறதில்லனு நினைக்கேன். இன்னொண்ணு இருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ அளவுகோல். அளவுகோலு வளரக் கூடாதாம். புதுசா ஒரு இங்கிலீஷ் வார்த்தை நீ படிக்கக் கூடாது. படம் பாக்கக் கூடாது, புஸ்தகம் தொடக் கூடாது. கூடுதலாத் தெரியும்னு தெரிஞ்சா, பழையபடி துடைப்பம்தான்."

"படிச்சா வேலை போயிருமா சார்?"

"ஆமா."

"பள்ளிக்கூடத்துல படிப்பு வரலைனுதான் வெளிய வந்தேன்."

"அதுக்கு நான் என்னம்மா செய்ய முடியும்? இங்க போடு, கையெழுத்து."

அவளோடு வேலை பார்த்த ஏசுவடியாள் அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "தெரியாததுக்குச் சம்பளமா? எனக்கு நாலு வார்த்தைதான்டி தெரியும். உன்னைவிட எனக்குல்ல கூடக் கொடுக்கணும்!"

அறுநூற்றுப் பன்னிரண்டுக்கு மேல் தெரியக் கூடாது என்று ஒருவர் சொன்னால், அறுநூற்றுப் பதின்மூன்றாவது சொல் எது என்று யாருக்குத்தான் தோன்றாது? சந்தனமாரிக்கு அன்று சாயங்காலமே தோன்றிவிட்டது. துடைப்ப அலமாரியில் பினாயில் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு நோட்டு முளைத்தது. கிரஹாமின் பழைய கூட்டப் பதிவுகள் அறையின் கணினியில் நூற்றுக்கணக்கில் கிடந்தன. எல்லாரும் சாப்பிடப் போகும் நேரத்தில் அவள் அவற்றைக் கேட்பாள். ஒவ்வொரு சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதி, சிவசைலத்தின் அகராதியில் தேடுவாள். முதல் பக்கத்தின் முதல் வரியில் 'பாயில் தி ஓஷன்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். அகராதியில் பாயிலும் இருந்தது, ஓஷனும் இருந்தது. இரண்டையும் சேர்த்தால்தான் ஒன்றும் வரவில்லை.

பதினோரு மாதத்தில் நோட்டு மூன்றானது. கிரஹாம் பேசிய எல்லாமே அவளுக்குப் புரிய ஆரம்பித்தது. கூட்டத்தில் அவள் காதிலும் கவ்வி உண்டு. ஆனால் விளக்கு காட்டுவது எல்லாருடைய சராசரியை. பத்துப் பதினைந்து காதுகளுக்கு நடுவே அவளுடைய பச்சை யாருக்கும் தெரியவில்லை. வெளியே அவள் பழையபடியே, "வாட்டர் கமிங், நோ குட்" என்றாள்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. அவளுடைய அறுநூற்றுப் பன்னிரண்டில் பக்கெட், பினாயில், லீக், வழுக்கும், அடைத்திருக்கிறது எல்லாம் இருந்தன. 'ஒருவேளை' இல்லை. 'சந்தேகம்' இல்லை. 'யோசித்துச் சொல்கிறேன்' இல்லை. யாராவது பழக்கத்தில் அவற்றைச் சொன்னால் டிங் என்று மணி அடிக்கும், பேசியவர் தலையைக் குனிந்துகொள்வார். மூன்று மாதத்தில் மணி அடிப்பது நின்றுவிட்டது. எல்லாமே குட், அல்லது நோ குட். பச்சைக்கு மேல் பச்சை. பதினோரு மாதமாக அந்தக் கூட்டத்தில் அவளை ஒருவரும் திருப்பி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தலைமை அலுவலகம் அதைச் சாதனைப் பட்டியலில் முதலில் போட்டது.

அந்தத் திங்கட்கிழமை கூட்டத்தில் ஒரே விஷயம்தான். கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சவ்வுகளைக் கழுவப் புதிதாக ஒரு மருந்து வந்திருந்தது. ஜப்பானில் மூன்று மாதம் போட்டுப் பார்த்தாயிற்று. யுகிகோ சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளிலிருந்து ஆறு ஆலையிலும் அதுதான். ஆறு ஊர் ஜனங்கள் குடிக்கிற தண்ணீர் அந்தச் சவ்வு வழியாகத்தான் வருகிறது.

"யுகிகோ மேடம்," என்றாள் சந்தனமாரி. "நியூ மெடிசின். குட்? நோ குட்?"

யுகிகோ வாயைத் திறந்தார். மூடினார். கண்ணாடியைச் சரிசெய்தார். சந்தனமாரி தன்னை அறியாமல் எண்ணினாள். ஒரு மூச்சு. இரண்டு. மூன்று.

"குட்," என்றார் யுகிகோ.

பச்சை. தொண்ணூற்றெட்டு. எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

சந்தனமாரிக்கு அந்த மூன்று மூச்சு தெரியும். ஏழாம் வகுப்பு அல்ஜீப்ராவில் தொடங்கியது அது. "புரிஞ்சுதா?" என்று டீச்சர் கேட்பார். வகுப்பே, "புரிஞ்சுது டீச்சர்" என்று கத்தும். இவளும் மூன்று மூச்சு தாமதமாக, வாயை மட்டும் அசைப்பாள். ஒன்பதாம் வகுப்பு வந்தபோது கரும்பலகையில் இருந்த ஒன்றுமே தெரியவில்லை. ஒருநாள் டீச்சர் இவளை எழுப்பி, "எதும்மா புரியலை?" என்று கேட்டார். எது புரியவில்லை என்று சொல்லவும் கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும். மறுநாளிலிருந்து போகவில்லை.

விளக்கு கேட்பவர்களின் தலைக்குள்தான் பார்க்கிறது. சொல்கிறவள் தொண்டையில் என்ன சிக்கிக்கொண்டிருக்கிறது என்று அது பார்ப்பதில்லை.

"சரி, முடி மாரி. எல்லாம் பச்சை," என்று சிவசைலம் கிசுகிசுத்தார். அவருக்குப் பசி.

சந்தனமாரியிடம் அந்த இடத்துக்கு வேண்டிய ஆங்கிலச் சொற்கள் ஆறேழு இருந்தன. இரண்டாம் நோட்டில், வரிசையாக. அதில் ஒன்றைச் சொன்னால் போதும். மணி அடிக்கும். நாற்காலி போய்விடும். அதற்குப் பிறகு அவள் பேச ஆறு நாடு என்ன, ஏசுவடியாள் அக்காவைத் தவிர ஒரு காதும் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"யுகிகோ மேடம். யூ சே குட். பட்..." நாக்கின் நுனிக்கு வந்தது வேறு ஒன்று. "உறுத்துதா?"

டிங்.

விளக்கு ரத்தச் சிவப்பானது. நான்கு சதவீதம். அந்த நான்கு சதவீதம் சிவசைலம்.

"ஏட்டி, என்ன சொன்ன! போச்சு, போச்சு!" அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒப்பந்தத்தைப் புரட்டினார். திரையில் ஆறு முகங்களும் உறைந்து நின்றன. பதினோரு மாதமாக யாரும் சிவப்பைப் பார்த்ததில்லை. கிரஹாம் கம்பளித் தொப்பியைக் காதுவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

அப்போதுதான் யுகிகோ திரைக்குப் பக்கத்தில் வந்து, "வாட் இஸ் இட்?" என்று கேட்டார்.

பதினோரு மாதத்தில் முதல் கேள்வி.

"ஐ," என்று சந்தனமாரி தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். "இன்சைட் ஸ்மால் சாண்ட். யூ லுக், நோ சாண்ட். டாக்டர் லுக், நோ சாண்ட். பட் சாண்ட்."

பச்சை. தொண்ணூற்றாறு.

யுகிகோ கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "யெஸ்," என்றார். "மெடிசின் குட். வாட்டர் குட். நம்பர் குட்." விரலால் தன் கண்ணைத் தொட்டார். "சாண்ட். த்ரீ வீக், சாண்ட்."

"மீ ஆல்சோ," என்றார் சிலியிலிருந்து ஒசுவால்தோ. "நாட் மெடிசின். பம்ப் ஒன். சாண்ட்."

கென்யாக்காரருக்கு வால்வில் சாண்ட். ஓமன்காரருக்கு போர்ச்சுகல்காரர் மேல் சாண்ட். அதைச் சொன்னதும் போர்ச்சுகல்காரர் சிரித்துவிட்டார். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கூட்டம் ஐம்பது நிமிடம் ஓடியது. மருந்து எங்கும் போகவில்லை. ஜப்பானில் ஒரு சவ்வைக் கழற்றி அறுத்துப் பார்க்கும்வரை நிறுத்தி வைப்பது என்று முடிவானது. முடிவைச் சொல்ல வேண்டிய கிரஹாம் தொண்டையைச் செருமி, "ஸ்டாப். லுக்," என்று மட்டும் சொன்னார். அவர் வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த முதல் தொண்ணூற்றொன்பது அது.

திரைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சிவசைலம் ஒப்பந்தத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். முகம் மலர்ந்திருந்தது.

"மாரி, பொழச்ச! புது இங்கிலீஷ் வார்த்தைதான் கூடாதுனு போட்டிருக்கான். தமிழைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. ஆனா தாயி, இங்கிலீஷ்ல மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாச் சொல்லிராத. நான் சாப்ட்டு வாரேன்."

அவர் போனார். சந்தனமாரி எழுந்து விளக்கைத் துடைக்கத் துணியை எடுத்தாள். நாற்காலி வந்த பிறகும் அவள் விடாத பழக்கம் அது. அப்போதுதான் ஒரு திரை இன்னும் அணையவில்லை என்று பார்த்தாள்.

கிரஹாம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். வெளியே அவர் ஊர் மழை. அவர் பேசினார். அவளிடம் பேசுவதுபோல இல்லை. புரியாத ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மனிதர்கள் தைரியமாகப் பேசுவார்களே, அப்படி. அவருடைய பழைய, நீளமான, சுற்றி வளைத்த ஆங்கிலம். அதில் பாதிச் சொற்கள் அறுநூற்றுப் பன்னிரண்டுக்கு வெளியே இருந்தன.

இந்த வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது என்றார். ஆலைக்காரர்கள் பேசும் ஆங்கிலம் தனக்கும் ஒருநாளும் முழுதாகப் புரிந்ததில்லை என்றார். ஆங்கிலக்காரனே எனக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று எப்படிக் கேட்பது? கேட்டால் அவர்களை அவமானப்படுத்துவதுபோல இருக்கும், அல்லது தன் காது போய்விட்டது என்று நினைப்பார்கள். அதனால் என்ன அறிக்கை வந்தாலும் 'பிரில்லியண்ட்' என்று எழுதிவிடுவாராம். அந்தக் கடல்நீர்ச் சூட்டு அறிக்கை இன்றுவரை எதற்கு வந்தது என்று தெரியாதாம். இன்று அந்த ஜப்பானிய அம்மா கேட்டதுபோல ஒருநாள் கேட்டிருக்கலாம் என்றார்.

சந்தனமாரி துணியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றாள். அவர் முகத்தின் ஒரு பக்கம் மெல்லப் பச்சையாவதை அவள்தான் முதலில் பார்த்தாள். மழை வெளிச்சம் என்று நினைத்தாள். பிறகுதான் அவர் மேஜை விளக்கு ஞாபகம் வந்தது. கூட்டத்தில் இப்போது கேட்பவள் அவள் ஒருத்திதான். கவ்வி இன்னும் காதில் இருந்தது.

கிரஹாம் திரும்பினார். விளக்கைப் பார்த்தார். நூறு. அவளைப் பார்த்தார். மறுபடி விளக்கைப் பார்த்தார்.

சந்தனமாரியின் கை கவ்விக்குப் போனது. இனிக் கழற்றி என்ன ஆகப் போகிறது? வழுக்கைத் தலைக்கு அந்தப் பக்கம் சுவரில் ஒட்டியிருந்த கம்பெனி விதிகளைக்கூட அவளால் இங்கிருந்தே வாசிக்க முடிந்தது. அதுவும் புரிந்தது. அதுதான் சிக்கல்.

கிரஹாம் மெதுவாகத் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி விளக்கின்மேல் கவிழ்த்து வைத்தார். பச்சை வெளிச்சம் அணைந்ததுபோல ஆயிற்று. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து உட்கார்ந்தார்.

சந்தனமாரி துடைப்ப அலமாரிக்குப் போனாள். பினாயில் டப்பாக்களை நகர்த்தி முதல் நோட்டை எடுத்து வந்தாள். முதல் பக்கத்தைப் புரட்டி, கேள்விக்குறி போட்டிருந்த முதல் வரியில் விரலை வைத்து, திரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அவள் எழுத்து தமிழில் இருந்தது. அவருக்குத் தெரியாது. அதனால் அவளே கேட்டாள்.

"மிஸ்டர் கிரஹாம், ஒய் பாயில் தி ஓஷன்? ஹூ எவர் வான்டட் டு?"

கடலைக் கொதிக்க வைக்க யார்தான் ஆசைப்பட்டார்கள்?

கிரஹாம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடினார். ஒரு மூச்சு. இரண்டு. மூன்று.

"எனக்கும் தெரியாது," என்றார்.